ரிஹானா வீட்டுக்குப் பெட்டி அடித்த நாள்

அன்று அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதில் சொன்னேன். அதற்கான காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

"ரிஹானா மேல பொறாமைப்பா, அதனாலதான்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். விஷயம் அத்தோடு போயிருக்கும்...

தேயிலைப் பெட்டிப் பலகைக்கு ஒரு வாசனை உண்டு. உள்ளே ஒட்டிய ஈயத்தாளைக் கிழித்த பிறகும் தூள் மிச்சமிருக்கும். அறுக்கிற வாள் ஓட ஓட அது எழும்பி மூக்கில் ஏறும். என் இருபது வயது முழுக்க அந்த வாசனைதான்.

அப்பாவுக்கு ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தச்சு வேலை. எங்கள் பக்கம் தச்சரை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருஷங்களில் அவர் அடித்ததெல்லாம் பயணப் பெட்டிகள். தோட்டத்து ஜனங்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற குடும்பங்களுக்கு. எஸ்.எஸ்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் பெட்டி மேல் பெயின்ட்டால் பேர், ஊர், தாலுகா, ஜில்லா எழுதுவேன். எழுதச் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

ரிஹானா என்னோடு பண்டாரவளையில் படித்தவள். அவளுடைய வாப்பா தியத்தலாவை ராணுவ முகாமில் கேப்டன். அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்த நாவல்களை எல்லாம் இரவல் வாங்கி வாசித்தவள் நான். அவள் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. அதற்கே எனக்கு வயிறு எரியும்.

அவள் வாப்பாவுக்கு இந்தியாவில், நீலகிரியில், ஒரு வருஷ ராணுவப் படிப்பு கிடைத்தது. குடும்பத்தோடு போகலாம். சாமான் கட்ட ஆறு பெட்டி வேண்டும் என்று அப்பாவுக்கு ஆள் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் போனோம். குவாட்டர்ஸ் வாசலில் பலகையைப் போட்டு அப்பா வேலையை ஆரம்பித்தார். ரிஹானா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நீலக் கம்பளி ஸ்வெட்டர், புது ஷூ, பிளேன் டிக்கெட்... எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிக் காட்டினாள்.

"ஜன்னல் சீட் எனக்குத்தான். தங்கச்சி அழுதாலும் குடுக்க மாட்டேன்."

எங்கள் தோட்டத்து ஜனம் தலைமன்னாருக்கு ரயிலில் போய், கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு போய் இறங்குகிற அதே நாடு. இவளுக்கு அது ஜன்னல் சீட்!

திடீரென்று வாசலில் அவள் உம்மாவின் குரல்.

"என்ன பாஸ் இது? மையத்துப் பெட்டி மாதிரி அடிச்சி வச்சிருக்கீங்க!"

சவப்பெட்டி என்கிறாரே என்று ஓடிப் போய்ப் பார்த்தோம். அளவு பார்க்கப் பொருத்திய முதல் பெட்டியின் மூடியில் அப்பா வழக்கம்போல சுற்றிலும் நீள ஆணி இறக்கி, தகரப் பட்டையும் அடித்துவிட்டார். உள்ளே இன்னும் ஒரு சாமான்கூட வைக்கவில்லை. கை தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

"கீலும் கொண்டியும் போடுங்க பாஸ். வரக்குள்ளயும் இதே பெட்டிதானே?"

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். "மன்னிச்சுக்கங்க நோனா. திரும்பி வர்ற பொட்டி இதுவரைக்கும் நான் அடிச்சதில்ல."

ரிஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் முகம் சுட்டது. போகவும் தெரிகிறது, வரவும் தெரிகிறது இவர்களுக்கு...

"பவளம், நீங்களும் இந்தியாவுக்கு வருவீங்கதானே? எல்லாரும் போறாங்களே" என்றாள் ரிஹானா. பெட்டிகளில் பேர் எழுதி முடித்து நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் அப்பா பீடியைப் பற்றவைத்தார்.

"புள்ள, பிரஜாவுரிமை ஃபாரம் குடுக்க இன்னும் ஒரு வாரந்தான் இருக்காம். சிலோனா, இந்தியாவானு போடணும். தம்பி சிலோனுக்கே எழுதிட்டான். எனக்கும் அதான் மனசு... ஆனா நீ நாலு எழுத்துப் படிச்சவ. என்னா சொல்ற?"

தம்பி என்றால் சித்தப்பா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா. இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். ராத்திரி அப்பா இருமினால், "அண்ணே, சுடுதண்ணி குடிச்சியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும்.

அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்ணில் நின்றது ஒரு நீல ஸ்வெட்டர்.

"இந்தியாவுக்கே போடுங்கப்பா. அங்க போனா நல்லா இருக்கலாம்."

"நெசமாவா?"

"ஆமாங்கப்பா. நெறையப் படிச்சிருக்கேன்ல."

அப்பா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பிறகு, "சரி தாயி" என்றார். அவ்வளவுதான். ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று.

இப்போது என் மகள் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கொழும்புக்கு பிளேன் டிக்கெட் விலையை போனில் பார்க்கிறாள். "லீவுக்குப் போயிட்டு வரலாமா, அம்மா?" என்கிறாள். போய்விட்டு வருவது அவளுக்கு அவ்வளவு லேசு. அவள் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ரிஹானா குடும்பம் சொன்னபடி ஒரே வருஷத்தில் தியத்தலாவைக்குத் திரும்பியது. எங்களுக்குக் கப்பல் கிடைக்க அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஆனது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். தச்சு வேலை இல்லை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. சித்தப்பா குடும்பத்துக்கு சிலோனிலேயே பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பா பதினோரு வருஷம் கழித்து இறந்தார். அண்ணனும் தம்பியும் அதற்குள் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.