வெளுத்துப்போன சிவப்பு

பூந்தமல்லியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். நான் படித்தது அச்சுத் தொழில்நுட்பம். அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் நிறம் சரிபார்க்கும் வேலை. அது தெரிந்துதான் ஒரு தகர டப்பாவை என் முன்னால் வைத்தார். உள்ளே, ஒரு காலத்தில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள்.

"ஒரே ஆளு, ஒரே படம். இதுல மூஞ்சி செவப்பா கீது, இதுல சீக்காளி மாரி கீது. வாங்க வர்றவன் டூப்புன்றான். நீயே சொல்லு பாப்பா."

அந்த அட்டைகளை மண்ணூர்பேட்டையில் ஒரு ஷெட்டில் அச்சடித்தவர் என் அப்பா. அட்டைகள் வெளுத்திருப்பதாகப் புகார் வந்தபோது, சிவப்பு மையைக் குறைத்து ஓட்டி மிச்சத்தை வெளியே விற்றார் என்று சொல்லி முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பினார். திறந்த டப்பாவில் மிஞ்சிய மை ஏடு கட்டிக் குப்பைக்குப் போனது என்று அப்பா சொன்னதை யாரும் நம்பவில்லை, அம்மாவும்தான். பிறகு எந்த அச்சகமும் அவரை மெஷின் பக்கம் விடவில்லை. இப்போது அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் அம்மா, "வித்துட்டாரான்னு கேளு" என்பாள், அவர் காதில் விழும்படி.

டப்பாவை வீட்டுக்கு எடுத்துவந்தேன். எத்தனையாவது அச்சு என்பதை ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் உள்ள சிறு புள்ளிகள் சொல்லும். அந்த வரிசையில் அடுக்கிவிட்டு, தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்தேன். எல்லாம் ஒரே டப்பாவில் மூடிக் கிடந்தவை, அதனால் பின்னால் வெயில்பட்டு வெளுத்தவை அல்ல. தாள் மாறவில்லை. மெஷினில் மையோடு சேர்ந்து ஓடும் தண்ணீர் கூடியிருந்தால் எல்லா நிறமும் கெட்டிருக்கும். இதில் கறுப்பும் நீலமும் அப்படியே இருந்தன. அவ்வப்போது திறந்த புது மை டப்பாக்கள் காரணமென்றால் சிவப்பு ஒருமுறை ஏறும், ஒருமுறை இறங்கும். இதில் அது இறங்கிக்கொண்டே போனது, கூடவே கொஞ்சம் மஞ்சளும்.

சிவப்பும் மஞ்சளும் முதலில் போவது வெயிலில்தான். அச்சிட்ட அட்டைகள் வெயிலைப் பார்க்கவில்லை. அப்படியென்றால் வெயிலில் இருந்தது ஓகே ஷீட்.

முதல் அச்சில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் அது. அடுத்த ஒவ்வோர் அச்சையும் அதோடு ஒப்பிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பகல் வெளிச்சத்தில்தான் நிறம் தெரியும் என்று அப்பா அதை மெஷினுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போகும்போது பார்த்திருக்கிறேன். மேற்குப் பார்த்த ஜன்னல். தாள் வெளுக்க வெளுக்க, அவரும் அதற்கு ஏற்றபடி சிவப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

விற்பதற்காகக் குறைத்திருந்தால், சிவப்பு இப்படி வெயிலில் வெளுப்பதுபோலவே மெதுவாக, மஞ்சளோடு சேர்ந்து இறங்கியிருக்காது. அப்பா திருடவில்லை என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இது போதும். ஆனால் முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் அட்டைகளை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"வெளுத்த ஷீட்ட வெச்சிக்கினு ஓட்டியிருக்கேன்ற."

"ஆமாப்பா. நீங்க திருடல."

"அது எனக்குத் தெரியாதா?" அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். "அம்மாகிட்ட சொல்லாத."

மெதுவாக நடக்கும் மாற்றத்தைக் கண் பிடிக்காது, யாருக்கும் அப்படித்தான், அதனால்தான் இன்று கருவி வைத்து அளக்கிறோம் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது.

"திருடன்னு சொன்னானுங்க. சொல்லிட்டுப் போறானுங்க. கலர் தெரியாதவன்னு என்னை எவனும் சொன்னதில்ல."

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று என்னைக் கேட்டாள். அப்பா சீருடைச் சட்டையின் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். ஒன்றுமில்லை, ஆபீஸ் விஷயம் என்றேன்.

சாப்பாட்டுத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.