அரசப்பன் திரும்பப் பெற்ற டெபாசிட்

மன்னார்குடிப் பக்கம் பண்ணை வேலைக்குப் போன வீட்டில் பிறந்து, அந்தத் தெருவில் முதலில் பி.ஏ. முடித்தவன் அரசப்பன். உத்தியோகம் கிடைக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், பொதுப்பணித் துறையில் ஒப்பந்தக்காரனாகப் பதிந்துகொண்டான்.

டெண்டரோடு ஈடாக ஒரு டெபாசிட் கட்ட வேண்டும். அதற்கான வங்கி வரைவோலையில் பிழை இருந்தால் டெண்டர் தள்ளுபடி. வாய்க்கால் தூர்வாரும் வேலையெல்லாம் அந்த வட்டாரத்துப் பெரிய ஒப்பந்தக்காரர் துரைக்கண்ணுவுக்கு என்று முன்பே முடிவாகியிருக்கும். போட்டி நடந்ததாகக் காட்ட, மற்றவர்கள் வேண்டுமென்றே வேறு அதிகாரி பெயரில் வரைவோலை எடுத்து வைப்பார்கள். அரசப்பனும் சில வருடம் அப்படித் தோற்றுக் கொடுத்தான். தோற்றதற்குக் கவரில் கூலி வந்தது. ஆட்சி மாறியபோது துரைக்கண்ணுவின் வேட்டிக் கரை மாறியது, வேறெதுவும் மாறவில்லை.

ஒரு வருடம் அவனுடைய ஊர் வாய்க்காலே டெண்டருக்கு வந்தது. அதன் கடைமடையில்தான் அம்மா கண்ணாத்தாள் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தாள். அவள் கறவை மாட்டை விற்றுக் கொடுத்த காசில், சரியான பெயருக்கே வரைவோலை எடுத்தான். கேட்ட தொகையும் குறைவு. வேலை அவனுக்கு விழுந்தது.

"என்ன தம்பி, தப்பா எடுக்கக்கூட மறந்துபோச்சா? படிச்ச புள்ளையாச்சே," என்று துரைக்கண்ணு சிரித்தார்.

வேலை உத்தரவு வரவே இல்லை. தினமும் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் போய் நின்றான். கல்லணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் பொறியாளர் உத்தரவை நீட்டினார். தேதி போன மாதத்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையே. டெபாசிட் பறிமுதல்தான்."

"இப்பதானே சார் கையில தர்றீங்க. தண்ணி போவுதுங்களே."

மேலதிகாரிக்கு மனுப் போட்டான். அது விசாரணைக்கென்று அதே பொறியாளரின் மேசைக்கு வந்தது. அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"தண்ணிக்கு அடியில எவன் அளக்கப் போறான்? தூர் வெட்டி முடிச்சேன்னு கையெழுத்துப் போடுங்க. டெபாசிட் உங்களுக்கு. பில் பணத்த துரைக்கண்ணு எடுத்துக்குவாரு."

தான் தோற்றுக் கொடுத்த வாய்க்கால்களெல்லாம் இப்படித்தான் வெட்டப்பட்டனவா? இதுவரை தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். தெரிந்துகொள்ள அவன் எப்போது போய்ப் பார்த்தான்? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

ஆடி பிறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. நாற்றங்காலிலேயே நாற்று பழுத்தது.

சோறு போட்டபடி கண்ணாத்தாள் சொன்னாள்: "பக்கத்து வயக்காரி வேம்பு கேக்குறா, உம் மவன்தானே வாய்க்கால வெட்டுனான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"வெட்டலைன்னு சொல்லு."

"டெபாசிட்டுக் காசு?"

"வந்துடுச்சு."

அவள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கினாள்.

"அப்ப வெட்டுனான்னே சொல்லிடுறேன்," என்று குழம்பை ஊற்றினாள்.