நாலாவது பாட்டில் கேட்கும் அந்தக் குரல்

ரஞ்சன் அண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மகள்தான் போன் எடுத்துச் சொன்னா.

எங்கள் ராக் பாண்டின் லைவ் ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணித் தந்த சவுண்ட் அண்ணை. அளவெட்டி ஊர்க்காரர். கோயில் கோயிலாகப் போய் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைத்த மனுஷன்.

அவருக்கு ராக் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை!

கச்சேரி அன்று குருநகர் மைதானத்தில் என் டிரம்ஸைப் பார்த்துக் கேட்டார்: "உதென்ன தம்பி, பாத்திரக்கடையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்?"

அதோடு விட்டாரா? ஒரு மைக்கைச் சனம் நிற்கிற பக்கம் திருப்பி வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெறும் இரைச்சல்தானே அண்ணை வரும்!" என்று கத்தினேன்.

"சனம் இல்லாமல் திருவிழாவோ? நீர் உம்மடை வேலையைப் பாரும்."

நாலாவது பாட்டின் நடுவில் பாடகனின் மைக் நின்றுபோனது. ஐயோ, ஆல்பம் போச்சு... குச்சியைக் கீழே வைக்கப் போனேன்.

முன்னால் நின்ற பெட்டைகள் பாடத் தொடங்கினார்கள். பிறகு முழு மைதானமும்! எங்கள் சொந்தப் பாட்டு... ஒரு சொல் பிசகவில்லை! சத்தியமாக, உடம்பெல்லாம் புல்லரித்தது.

அத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு குரல்: "நிப்பாட்டாதேங்கோடா! அடியுங்கோடா, அடியுங்கோ!"

வேறு வயர் எடுக்கச் சனத்துக்குள்ளால் ஓடிய ரஞ்சன் அண்ணை. தான் திருப்பி வைத்த மைக்கிலேயே மாட்டிக்கொண்டார்!

போன கிழமை ஆஸ்பத்திரியில் அவருக்கு ஹெட்போன் மாட்டி அந்தப் பாட்டைப் போட்டுவிட்டேன். போர்வைக்குள் கால் தாளம் போட்டது. ராக் தெரியாத மனுஷன்!

தன் குரல் வந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, உந்தக் குரலை வெட்டிப்போடும் தம்பி. ஊர் சிரிக்கும்."

"ஓம் அண்ணை, வெட்டுறன்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

நேற்று வெட்டியும்விட்டேன். வெட்டினால் பாட்டில் உயிரே இல்லை.

இன்று காலை, போனை வைத்த கையோடு, திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் ஆல்பம் வருகிறது மக்களே! நாலாவது பாட்டுக்குச் சத்தத்தை முழுக்கக் கூட்டி வையுங்கள்.

மன்னியுங்கோ அண்ணை, சொன்ன சொல்லைக் காப்பாற்றேல்லை.

நீங்கள் கத்துங்கோ... நான் அடிக்கிறன்.