சித்தி சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு

பாரிஸில் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் சித்தி, பெரிய பெட்டியொன்றுடன் தனியாக மலேசியாவில் எங்கள் ஊரான மெர்லிமாவுக்குத் திரும்பி வந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். "லீவுக்கு வந்திருக்கா லா," என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொன்னார். லீவு நீண்டுகொண்டே போனது. சித்தப்பா தினமும் போன் செய்தார். திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்.

அதற்குள் எங்கள் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியை, சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தரும்படி சித்தியைக் கேட்டுக்கொண்டார். பிரெஞ்சு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்தது.

முதல் நாளே குழம்பிப்போனோம். பிரெஞ்சில் புத்தகம் ஆண்பாலாம், மேசை பெண்பாலாம்.

"அப்ப நாற்காலி, டீச்சர்?" என்றான் ஒருவன்.

"அதுவும் பொம்பளதான்."

"யாரு டீச்சர் முடிவு பண்ணா?"

"என்னைக் கேட்டா முடிவு பண்ணாங்க?" என்று சித்தி சிரித்தார்.

அதன்பின் இலக்கணத்தை விட்டுவிட்டு, தனக்குச் சரளமாக வந்த வாக்கியங்களையே சொல்லிக்கொடுத்தார். "ஊவ்ரே லா போர்த், சில் வூ ப்ளே." தயவுசெய்து கதவைத் திறங்கள். அடுத்தது, இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன். நான் என் வீட்டுக்குப் போக வேண்டும். நாங்கள் ராகம் போட்டு உரக்கச் சொன்னோம். எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. மலாய் மொழியில் நாங்கள் முதலில் கற்றதே கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்கத்தானே.

பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா பட்டணத்துச் சிவப்புக் கட்டடங்களைப் பார்க்கப் போனோம். அங்கே தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரத் தம்பதி பிரெஞ்சில் பேசிக்கொண்டு நின்றார்கள். சித்தி தடுப்பதற்குள் நாங்கள் ஓடிப்போய், தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தோம். அந்த அம்மாள் முதலில் கை தட்டினார். கதவைத் திறக்கச் சொன்னதும் கை நின்றது. வீட்டுக்குப் போக வேண்டும் என்றபோது முகத்தில் சிரிப்பில்லை. என் முன்னால் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஆகவே கதவைத் திறக்கும்படி இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். பக்கத்தில் போய், கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். சித்தி ஒன்றுமில்லை என்பதுபோல் தலையாட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தலைமையாசிரியை எங்களை அவசரமாகச் செண்டோல் குடிக்க அழைத்துப் போனார்.

"ஒன் 'போர்த்' தப்பு லா, அதான்!" என்று திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் என் வகுப்பில் படித்த பக்கத்து வீட்டுப் பெண் என்னோடு சண்டை பிடித்தாள்.

மறுநாள் காலை பசியாறும்போது சித்தி, "நான் போகலக்கா," என்றார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. சித்தியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதார். அப்பா பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்தார். ஏன் என்று கேட்ட என்னை, "போய் வெளையாடு," என்று விரட்டினார்கள்.

நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த அம்மாள் எங்கள் உச்சரிப்பைக் குறை சொல்லிவிட்டார். அந்த வெட்கத்தில்தான் சித்தி பாரிஸுக்குப் போக மறுக்கிறார். அவரை எப்படியாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அந்த வாரம் முழுவதும் அவர் காதில் விழும்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் பிழையில்லாமல் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.