மூன்றாம் நாள் தையல்

தோட்டத்து டிரசர் வேலையில் மருந்து கொடுப்பது கால்வாசி, வாயை அடக்குவது முக்கால்வாசி. என்னைப்போல் கிளினிக்கில் குப்பை கொட்டியவர்களுக்கு இது தெரியும். எனக்கு அந்தக் கால்வாசிதான் வந்தது.

அப்பன்

எண்பத்தொன்றில் கோலசிலாங்கூர் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தேன். குலை வெட்டும் முனியாண்டி நினைத்ததும் செய்துவிடுவார். யோசனை மறுநாள்தான் வரும். ஓடுகிற டிராக்டரிலிருந்து குதித்துக் கையைக் கிழித்துக்கொண்டார். எட்டுத் தையல். ஒரு வாரம் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மூன்றாம் நாள் ரத்தம் சொட்ட வந்து நின்றார். "அரிச்சுச்சு டிரசரே, பிச்சிட்டேன்லா."

மகன்

அவர் மகன் செல்வத்தைக் கைக்குழந்தையிலேயே செகிஞ்சானில் பிள்ளையில்லாத அத்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தையும் மாமாவும் அதிர்ந்து பேசாதவர்கள். அப்பன் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தவன், முனியாண்டி காலமான பிறகு இங்கே வேலைக்கு வந்தான். வந்த மாதமே வேலியைத் தாண்டிக் காலைக் கிழித்துக்கொண்டான். தைத்தேன். மூன்றாம் நாள் பிய்த்துக்கொண்டு வந்தான், அரித்ததாம்.

வந்ததே கோபம், தட்டைத் தூக்கி எறிந்தேன். (என் அப்பாவும் எறிவார், அது வேறு விஷயம்.) "உங்கப்பன் ரத்தம்டா. நீ திருந்தவே மாட்டே," என்று வரிசையில் நின்றவர்கள் கேட்கக் கத்தினேன். அவன் மெல்லக் கேட்டான்: "எங்கப்பா எப்படி இருப்பாரு டிரசர்?"

ஆறாம் நாள்

அடுத்த வருஷம் செல்வத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. லயத்து வரிசை வீடுகளில் ஒன்று கிடைத்தால்தான் பெண்ணை அனுப்புவோம் என்றார்கள் பெண்வீட்டார். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வீடு கொடுக்க மறுத்துவிட்டார். "முனியாண்டி ரத்தமாச்சே, டிரசரே சொல்லியிருக்காரு" என்றாராம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் ஆபீஸ் வாசலில் செல்வம் அரிவாளோடு நிற்கிறான். உள்ளே கிராணி தனியாக இருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை.

"வேணாம்டா செல்வம்."

"நான் என்ன செய்ய? என் ரத்தம் அப்படின்னு நீங்கதானே சொன்னீங்க."

வெட்கமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அரிவாள் பிடித்த கையைப் பார்த்தேன். ஆறு நாளைக்கு முன் முள் கிழித்த கை அது; அதில் நான் போட்ட தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

"அரிக்கலையா?" என்றேன்.

அவனும் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அரிவாளை என்னிடம் நீட்டினான். "உயிர் போவுது டிரசர். ராத்திரியில துணியச் சுத்திக் கட்டிக்கிட்டுப் படுக்கிறேன். முழுக் கையோட தாலி கட்டணும்லா."

நானே கிராணியிடம் போய், அன்று வரிசைக்கு முன்னால் கத்தியதை வாபஸ் வாங்கினேன், வீடு கிடைத்தது. அன்றிலிருந்து ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவதோடு சரி, யாருக்கும் ஜாதகம் சொல்வதில்லை.