ஸ்டெல்லாவுக்காக இறக்கிய சுருதி

இன்று காலைத் திருப்பலி முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன்.

(கணக்கு வாத்தியாராக இருந்தவன். வரிசை எண் போடாமல் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்!)

1. திருப்பலிக்கு நான் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் முறை.
2. ஸ்டெல்லா இன்று பாடியது.
3. எங்கள் பங்குக் கோயிலில் ஆண்கள் பாடாததற்குக் காரணம்: பக்திக் குறைவு.

முதலாவது. அன்றைய வாசகங்களைப் படித்து, அவற்றுக்குப் பொருந்தும் பாடல்களை எடுப்பேன்.

சனிக்கிழமை வரை மாற்றிக்கொண்டே இருப்பேன். (பாடி முடித்த பிறகும் ஞாயிறு மாலை வரை சந்தேகம் தீராது!)

சுருதி மட்டும் மாறாது. பாடகர் குழுவில் எல்லாரும் பெண்கள். அவர்களுக்கு ஏற்ற உயரமான ஐந்து கட்டை.

இரண்டாவது. வாசகங்களுக்கு நடுவே வரும் தியானப் பாடலை முன்பெல்லாம் ஸ்டெல்லாதான் பாடுவார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு மேல் ஸ்தாயி எட்டாமல் போய்விட்டது.

மாதக்கணக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வார்.

போன வாரம் வந்து கேட்டார்.

"சார், ஒரே ஒருக்கா பாடிப் பாக்கட்டுங்களா? வரலீன்னா இனிமே கேக்கமாட்டனுங்க."

ஓதுவது போன்ற எளிய மெட்டு ஒன்றை எடுத்தேன். சுருதியை இரண்டரைக் கட்டைக்கு இறக்கினேன்.

கீபோர்டு வாசிக்கும் ஆல்பர்ட் சிரித்தான்.

"இவ்ளோ கீழயா சார்? ரிதமும் வேண்டாங்கறீங்க. சனம் தூங்கிருமுங்க!"

எனக்கும் அதே பயம்தான். (அவனிடம் சொல்லவில்லை.)

இன்று ஸ்டெல்லா மைக் முன்னால் வந்து நின்றார்.

முதல் வரி கரகரப்பாக வந்தது. ஆனால் வந்துவிட்டது!

இனி மக்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பெண்கள் பக்கம் தடுமாறியது. அவ்வளவு கீழே பாடிப் பழக்கமில்லை.

அந்தப் பெண்ணை நானே நிறுத்தி வைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது வாசலோரமிருந்து ஒரு கனத்த குரல் அதே வரியைப் பாடியது.

ஸ்டெல்லாவின் கணவர் சூசை! பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு கதவோரமே நிற்கிற மனிதர்.

அடுத்து அவர் பக்கத்தில் நின்றவர்கள். பிறகு ஆண்கள் பக்கம் முழுவதும்!

ஸ்டெல்லா அடுத்த வரியைத் தொடங்க மறந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். ஆல்பர்ட் மெல்லச் சுரம் எடுத்துக் கொடுத்தான். கடைசி வரி வரை பாடி முடித்தார்.

வெளியே வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் கோயில்ல வாயத் தொறந்திருக்கீங்களா?"

"நீ பாடுற ஒசரத்துக்கு நான் எங்க புள்ள வாரது? இன்னிக்குத்தான் எட்டுச்சு."

என் பக்கம் திரும்பினார்.

"சார், அடுத்த வாரமும் இவளே பாடட்டுங்க. சுருதிய மாத்திராதீங்க."

"அட, சும்மா இருங்க" என்று ஸ்டெல்லா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது குறிப்பை விரிவாக எழுத நினைத்திருந்தேன். எழுதப்போவதில்லை. அது தவறு என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது.

அவர்களுடைய பக்தி குறையவில்லை. அவர்களுக்கு எட்டாத இடத்தில் பாட்டை வைத்திருந்தவன் நான்.