அவருக்குக் கலந்த காப்பி

வலியசாலையில் நாங்கள் குடியிருந்தபோது என் கணவர் தினமும் குடித்துவிட்டு வருவார். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. தம்பானூரில் ஒருவர் குடியை மறக்கடிக்கும் பொடி என்று ஒன்றை விற்றார். அதை வாங்கி வந்து, கணவருக்குத் தெரியாமல் காலைக் காப்பியில் கலந்தேன். அவசரத்தில் டம்ளர் மாறிப்போய் நானே குடித்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் வாந்தியும் தலைசுற்றலும் வந்தன. அவர் பதறிப்போய் என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்ன சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டதும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

என் கணவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஏண்டி, என்கிட்டயே சொல்லப்படாதா? நானும் நிறுத்த வழி தெரியாமத்தான் இருக்கேன்" என்றார்.

"இதுக்கு இங்கயே சிகிச்சை உண்டு. பக்ஷே ஆளு சம்மதிச்சு வரணும்" என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில்.

எனக்கு மாலைக்குள் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் அவரே அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று வாரம் தங்கினார். வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டார்; மறுநாளே தானாக டாக்டரிடம் போனார். இப்போது இரண்டு வருஷமாகத் தொடவில்லை.

நானும் இப்போது எதையும் மறைத்துச் செய்வதில்லை. மனதில் பட்டதை அவரிடம் நேரே கேட்டுவிடுகிறேன். கேள்விகள்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டன என்கிறார் அவர்.